மோட்டார் வண்டியும் மனிதனின் அந்தரங்கமும்

மனிதன் தன் வீட்டுக்குக் கதவு வைத்துக்கொண்டது கள்வருக்கு அஞ்சி மட்டும் அன்று. களவு போவதற்கு ஒன்றுமே இல்லாத குடிசைக்கும் ஒரு தட்டி உண்டு. உண்பதும் உறங்குவதும், அழுவதும் ஆறுதல் சொல்வதும், கணவனும் மனைவியும் குடும்பக் கவலைகளைப் பேசிக்கொள்வதும் ஊரார் பார்வைக்கு உரியன அல்ல என்னும் எண்ணமே அந்தத் தட்டியை அங்கே நிறுத்தியது. இந்த எண்ணத்துக்கு அந்தரங்கம் என்று பெயர். சட்ட நூல்கள் இன்று தனியுரிமை என்று குறிப்பிடுவதும் இதனையே.

மோட்டார் கார் பெருகிய பின்னர், வீட்டின் ஓர் அறையே தெருவுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். காரின் கதவைச் சாத்திக்கொண்டதும் நமக்கு வீட்டுக்குள் இருப்பது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. பிறர் முன்னிலையில் பேசத் தயங்கும் செய்திகளை அங்கே பேசுகிறோம். மருத்துவரைக் காணப் போகிறோம், வழக்கறிஞரிடம் போகிறோம், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ மாதா கோயிலுக்கோ போகிறோம், கடன் கேட்கப் போகிறோம், பிணங்கியிருக்கும் உறவினரோடு சமாதானம் செய்துகொள்ளப் போகிறோம். இந்தப் போக்குவரத்தெல்லாம் நம்முடைய சொந்தக் காரியம் என்றே நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு இன்று ஆதாரம் இருக்கிறதா என்பதே உங்களோடு சேர்ந்து நான் ஆராய விரும்பும் கேள்வி.

முன்னாளில் வசதி படைத்த வீடுகளில் வில்வண்டி இருந்தது. அதை ஓட்டுகிறவருக்கு அந்தக் குடும்பத்தின் செய்திகள் எல்லாம் தெரியும். எசமானர் எந்த ஊரில் எத்தனை நாழிகை தங்கினார், யார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார், திரும்பி வரும்போது முகம் வாடியிருந்ததா மலர்ந்திருந்ததா என்பதெல்லாம் அவர் அறிவார். ஆனால் அவரிடம் இரண்டு காப்புகள் இருந்தன. ஒன்று, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது என்னும் விசுவாசம். மற்றொன்று, மறதி. சென்ற மாதம் பதினேழாம் நாள் மாலை எந்தத் தெருவில் வண்டி எவ்வளவு வேகத்தில் போயிற்று என்று கேட்டால், அவர் சிரித்துவிடுவார். இன்றைய காரில் உள்ள கருவிக்கு விசுவாசமும் இல்லை; மறதியும் இல்லை.

அந்தக் கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். புதிய கார் ஒன்றில் சிறிய கணிப்பொறிகள் பல உள்ளன. என்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்கிடுவது ஒன்று. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஒன்று. மோதல் நேர்ந்தால் காற்றுப்பையை விரிக்க ஆணையிடுவது ஒன்று. இவை தம் வேலையைச் செய்யும் பொருட்டு, வண்டியின் வேகம், திருப்பம், பிரேக்கின் அழுத்தம், கதவு மூடியிருக்கிறதா, இருக்கை வார் மாட்டப்பட்டிருக்கிறதா என்பனவற்றை ஓயாது அளந்துகொண்டிருக்கின்றன. இந்த அளவைகள் காருக்குள்ளேயே தோன்றி அங்கேயே மறைந்துவிடுமாயின் எவருக்கும் தீங்கு இல்லை.

ஆனால் அவற்றோடு வேறு இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று ஜி.பி.எஸ். என்னும் துணைக்கோள் வழிகாட்டி. அது வண்டி நிற்கும் இடத்தைச் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடும். மற்றொன்று, காருக்குள்ளேயே பொருத்தப்பட்ட சிம். உங்கள் கைபேசியில் இருப்பது போன்ற சிம்தான் அது. ஆனால் அது பேசுவது உங்களோடு அன்று. காரைச் செய்த கம்பெனியின் கணிப்பொறி எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது; அதனோடு பேசுகிறது. இவை மூன்றும் சேர்ந்த வண்டியைத்தான் இணையத்தோடு இணைந்த கார் என்கிறார்கள். இவற்றுக்கு மேல் சில வண்டிகளில் காமிராக்கள் உண்டு. வாய்ச்சொல்லைக் கேட்டு நடக்கும் ஒலிவாங்கியும் உண்டு.

இவ்வசதி தீய எண்ணத்தோடு தோன்றியது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1996-ல் 'ஆன்ஸ்டார்' என்னும் சேவையைத் தொடங்கியது. வழியில் விபத்து நேர்ந்தால் உதவிக்கு ஆள் அனுப்புவதும், களவு போன வண்டியைக் கண்டுபிடிப்பதும், சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டவருக்குத் தொலைவிலிருந்தே கதவைத் திறந்துவிடுவதும் அதன் பணிகள். இவை பயனுள்ள காரியங்கள் என்பதில் ஐயம் இல்லை. உதவி செய்வதற்காக வைத்த கண், காலப்போக்கில் என்ன ஆயிற்று என்பதுதான் கவனிக்கத்தக்கது.

2024 மார்ச்சு மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. சியாட்டில் நகருக்கு அருகில் வாழும் ஒருவர், விபத்து எதுவும் செய்யாதவர், 2022-ல் தம் காரின் இன்ஷூரன்ஸ் கட்டணம் நூற்றுக்கு 21 வீதம் உயர்ந்ததைக் கண்டு திகைத்தார். காரணம் கேட்டபோது, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்னும் தகவல் வியாபார நிறுவனத்தின் அறிக்கையைப் பார்க்கும்படி சொன்னார்கள். அவர் அதை எழுதிக் கேட்டு வாங்கினார். வந்தது 258 பக்கம். அதில் 130 பக்கங்களுக்கு மேல், முந்திய ஆறு மாதத்தில் அவரும் அவர் மனைவியும் அந்தக் காரில் சென்ற 640 பயணங்களின் விவரம் இருந்தது. எப்போது புறப்பட்டார்கள், எப்போது சேர்ந்தார்கள், எவ்வளவு தூரம், எப்போது வேகம் மிகுந்தது, எத்தனை முறை பிரேக்கை அழுத்தி மிதித்தார்கள் என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்கைக் கொடுத்தது கார்க் கம்பெனி. 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற பெயரில், நல்ல முறையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்ன ஒரு திட்டத்தின் வாயிலாக அது திரட்டப்பட்டது. அதில் தாங்கள் சேர்க்கப்பட்டதே தங்களுக்குத் தெரியாது என்று பலர் முறையிட்டனர்.

செய்தி வெளிவந்த சில நாட்களில் அந்தக் கம்பெனி தகவல் வியாபாரிகளுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. அந்த ஆண்டிலேயே திட்டத்தையும் கைவிட்டது. 2024 ஆகஸ்டு மாதத்தில் டெக்சாஸ் மாகாண அரசு வழக்குத் தொடுத்தது. அமெரிக்க மத்திய அரசின் வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் ஓர் உத்தரவை அறிவித்து, 2026 ஜனவரியில் அதனை உறுதி செய்தது. வண்டி இருக்கும் இடத்தைச் சில வேளைகளில் மூன்று விநாடிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. இடத்தையும் ஓட்டும் முறையையும் பற்றிய தகவல்களை, மக்களின் கடன் தகுதி முதலியவற்றைக் கணிக்கும் நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் கொடுக்கக் கூடாது என்று அவ்வுத்தரவு தடை விதிக்கிறது.

இங்கே சிறிது நின்று சிந்திக்க வேண்டும். "விரைந்து ஓட்டுகிறவன் அதிகக் கட்டணம் கொடுப்பது நியாயந்தானே?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் அந்த 130 பக்கத்தில் எழுதியிருப்பது என்ன? 'இத்தனை மணிக்குப் பிரேக் அழுத்தமாக மிதிக்கப்பட்டது' என்பது மட்டுமே. ஏன் மிதிக்கப்பட்டது என்பது அதில் இல்லை. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை தெருவின் குறுக்கே ஓடி வந்திருக்கலாம். அந்தக் குழந்தையைக் காத்த மனிதர் நல்ல ஓட்டுநர். கணக்கிலோ அவர் அபாயமானவர். எண்ணுக்குக் காரணம் தெரியாது. காரணத்தைச் சொல்லக்கூடிய மனிதரை எவரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. நீதிமன்றத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் தன் கட்சியைச் சொல்ல இடம் உண்டு. இங்கே குற்றச்சாட்டே மறைவாக இருந்தது. தீர்ப்பு மட்டும் கட்டண ரசீதாக வீட்டுக்கு வந்தது. அந்தரங்கம் பறிபோகும்போது உடன் பறிபோவது இந்த மறுமொழி சொல்லும் உரிமை.

அடுத்து ஜெர்மனிக்குச் செல்வோம். அங்கே நிகழ்ந்ததில் விற்பனை எதுவும் இல்லை, கவனக்குறைவு மட்டுமே. வோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த காரியட் என்னும் மென்பொருள் நிறுவனம், மின்சாரக் கார்களிலிருந்து வந்த தகவல்களை இணையச் சேமிப்பு ஒன்றில் வைத்திருந்தது. அதற்குப் போதிய பூட்டு இல்லை. சுமார் 8 லட்சம் வண்டிகளைப் பற்றிய விவரங்கள் அவ்வாறு திறந்து கிடந்தன என்பது 2024 டிசம்பரில் வெளிப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 4 லட்சத்து 60 ஆயிரம் வண்டிகள் நின்ற இடங்கள் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தன. சில வகை வண்டிகளுக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவில் குறிப்பு இருந்தது. பத்துச் சென்டிமீட்டர் என்றால் உங்கள் உள்ளங்கையின் அகலம். 'கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்' என்னும் சங்கத்தார் இதை முதலில் கம்பெனிக்கு அறிவித்தனர். கம்பெனி ஓட்டையை அடைத்தது. அதன் பின்னரே செய்தி உலகுக்குத் தெரிந்தது. 'டெர் ஸ்பீகல்' பத்திரிகையார் அரசியல்வாதிகள் இருவருடைய வண்டிகள் எங்கெங்கே நின்றன என்பதை அதிலிருந்து அறிந்து எடுத்துக்காட்டினர். போலீசாரின் வண்டிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஜப்பானிலும் இவ்வாறே நிகழ்ந்தது. தன் வாடிக்கைக்காரர் சுமார் 21 லட்சத்து 50 ஆயிரம் பேருடைய வண்டிகளின் இடக்குறிப்பு முதலியவை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வெளியார் எட்டக்கூடிய நிலையில் இருந்தன என்று டொயோட்டா கம்பெனி 2023 மே மாதத்தில் அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் வேறொன்றை வெளியிட்டது. டெஸ்லா கார்களின் காமிராக்கள் பிடித்த படங்களை, 2019 முதல் 2022 வரையில், அந்தக் கம்பெனியின் ஊழியர் சிலர் தமக்குள் வேடிக்கையாகப் பரிமாறிக்கொண்டனர் என்று முன்னாள் ஊழியர்கள் கூறியதாக அச்செய்தி சொல்லிற்று. ஒன்றில் பூட்டு மறந்துபோயிற்று. மற்றொன்றில் சாவி வைத்திருந்தவர்களே எட்டிப் பார்த்தனர். களஞ்சியம் பெரிதாக இருந்தால் எலியும் வரும், கள்வனும் வருவான், சில சமயம் காவற்காரனே கை வைப்பான். தகவலைக் காப்பதற்கு மிகச் சிறந்த வழி, தேவையற்ற தகவலைத் திரட்டாமல் இருப்பதே.

"பெயரை நீக்கிவிட்டுத்தான் தகவலைக் கொடுக்கிறோம், ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை" என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. இதற்கு விடை 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஐரோப்பாவில் 15 லட்சம் பேருடைய கைபேசிகள் பதினைந்து மாதம் எங்கெங்கே இருந்தன என்னும் கணக்கை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அதில் பெயர் இல்லை. ஆயினும் ஒருவர் இன்ன வேளையில் இன்ன இடத்தில் இருந்தார் என்னும் நான்கே குறிப்புகள் கிடைத்தால், நூற்றுக்கு 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். இது வியப்பாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் இயல்பானதே. ஒவ்வோர் இரவும் ஒரு தெருவில் நின்று, ஒவ்வொரு பகலும் ஓர் அலுவலக வாசலில் நிற்கும் வண்டி யாருடையது என்று சொல்வதற்குப் பெயர்ப்பலகை வேண்டுமா? கைரேகையைப் போலவே ஒவ்வொரு மனிதனுக்கும் கால்ரேகை ஒன்று உண்டு. அவன் போகும் வழிகளே அந்த ரேகை.

இந்தக் கால்ரேகையின் மதிப்பை நீதிமன்றமும் உணர்ந்திருக்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஒருவர் மீது ஐயம் கொண்ட போலீசார், அவர் ஓட்டிய வண்டியின் அடியில் ஜி.பி.எஸ். கருவி ஒன்றைச் செல்லத்தக்க அனுமதி ஆணை இன்றிப் பொருத்தி, 28 நாட்கள் அதன் போக்கைக் குறித்தார்கள். திரண்ட குறிப்பு 2,000 பக்கங்களைத் தாண்டிற்று. ஜோன்ஸ் வழக்கு என்று வழங்கும் அவ்வழக்கில் 2012 ஜனவரியில் உயர்ந்த நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வாறு கருவி பொருத்துவது அரசியல் சட்டத்தின்படி ஒரு சோதனையே ஆகும் என்பது அத்தீர்ப்பு. வீட்டைச் சோதனையிடுவதற்கு உள்ள கட்டுப்பாடு அதற்கும் உண்டு என்பது அதிலிருந்து பெறப்படுகிறது. இப்போது ஒரு விந்தையைக் கவனியுங்கள். போலீசார் அன்று வண்டியின் அடியில் ஒளித்து வைக்க வேண்டியிருந்த கருவியை, இன்று தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்புகிறார்கள். அதற்குரிய விலையையும் வாங்குகிறவரே கொடுக்கிறார்.

"வாங்குகிறவர் சம்மதித்துத்தானே கையெழுத்திடுகிறார்?" என்பது அடுத்த கேள்வி. 2023 செப்டம்பரில் மொஸில்லா அறநிறுவனம் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமை அறிக்கைகளைப் படித்து ஆராய்ந்தது. அதன் அளவுகோலில் ஒன்றும் தேறவில்லை. தகவலைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று 21 நிறுவனங்கள் எழுதி வைத்திருந்தன. விற்கலாம் என்று 19 நிறுவனங்கள் எழுதி வைத்திருந்தன. ஓட்டுகிறவர் அனைவருக்கும் தம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று சொன்னவை இரண்டே. இவை எழுதி வைத்துள்ள அனுமதிகள். எல்லாரும் எல்லாவற்றையும் செய்துவிட்டார்கள் என்பது இதன் பொருள் அன்று. ஆனால் பக்கம் பக்கமாக நீளும் அந்தச் சாசனத்தைப் படித்து முடித்துக் கார் வாங்கியவர் எத்தனை பேர்? படிக்க முடியாததைப் படித்ததாக ஒப்புக்கொள்ளச் செய்வது சம்மதம் ஆகாது. கண்ணைக் கட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குவதற்கு அதைத்தான் ஒப்பிடத் தோன்றுகிறது.

அன்றியும், சம்மதித்தவர் ஒருவர். காரில் இருப்பவர் பலர். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி எதற்கும் கையெழுத்திடவில்லை. வழியில் ஏற்றிக்கொண்ட நண்பர் கையெழுத்திடவில்லை. சில காலத்துக்கு முன்னர் நான் வெளியூர் சென்றபோது வாடகைக்கு எடுத்த கார் ஒன்றில் இதனை நேரே கண்டேன். வழி கேட்பதற்காக அதன் திரையைத் தொட்டேன். எனக்கு முன் அந்த வண்டியில் சென்றவர்களின் கைபேசிப் பெயர்கள் ஒன்பது அங்கே வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டால் அவருடைய தொலைபேசிப் புத்தகமே விரியும் போலிருந்தது. இறங்கிப் போனவர்கள் பெட்டியையும் குடையையும் மறவாமல் எடுத்துச் சென்றிருப்பார்கள். தம் உறவினர் பெயர்களை அங்கேயே விட்டுப் போனது அவர்களுக்குத் தெரிந்திராது. நான் அந்த ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். அழிப்பதற்கு ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. என் பெயரை அழிக்க எனக்குப் பின் வருகிறவரை நம்பியிருக்க முடியாது என்பதால், திரும்ப ஒப்படைக்கும்போது அதையும் நானே அழித்தேன்.

இவ்வளவும் கேட்ட பின்னரும், "குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று ஒருவர் கேட்பார். இந்தக் கேள்வி பழையது. கேட்பதற்கு நேர்மையாகவும் ஒலிக்கிறது. ஆனால் அந்தரங்கத்தைக் குற்றத்தின் போர்வை என்று எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது. நோய் குற்றம் அன்று. ஆயினும் நோயாளி தன் நோயைத் தெருவில் சொல்வதில்லை. வறுமை குற்றம் அன்று. ஆயினும் அடகுக் கடைக்குப் போகிறவர் இருட்டிய பின் போகிறார். துன்புறுத்தும் கணவனிடமிருந்து தப்பித் தாய்வீடு சேர்ந்த பெண் குற்றம் செய்தவள் அல்லள். அவள் ஏறி வந்த வண்டி கணவன் பெயரில் இருந்து, அவன் கைபேசியில் அந்த வண்டி நிற்கும் இடம் தெரிந்துவிடுமாயின், அவளுக்கு அடைக்கலம் ஏது? இவ்வாறு பிரிந்து சென்றவரைக் கார்ச் செயலியின் வாயிலாகத் தேடிய நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. கலிபோர்னியா மாகாணம் இத்தகையோரைக் காப்பதற்கென்றே 2024-ல் ஒரு சட்டம் இயற்றியது.

இன்னும் ஒன்று உண்டு. தன்னை ஒருவர் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று அறிந்த மனிதன் தன் இயல்பில் இருப்பதில்லை. மாறுபட்ட கருத்துடைய கூட்டத்துக்குப் போவதற்குத் தயங்குவான். புதிய நண்பர் வீட்டுக்குப் போவதற்கு யோசிப்பான். தண்டனை எதுவும் வராமலே அவனுடைய உலகம் சுருங்கிவிடும். சிந்தனைச் சுதந்திரத்துக்கு நடமாட்டச் சுதந்திரம் அடிப்படை. அதனால்தான் இது கார் வைத்திருப்பவர்களின் பிரச்சினை மட்டும் அன்று என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் உதவியும் வேண்டும், அந்தரங்கமும் வேண்டும் என்பது நடவாத காரியமா? நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவே சான்று. 2018 மார்ச்சு 31 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக அங்கீகாரம் பெறும் கார் வகைகளில் 'ஈகால்' என்னும் அபாய அழைப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். கடுமையான மோதல் நேர்ந்தால் அது தானாகவே 112 என்னும் அவசர எண்ணை அழைத்து, வண்டி இருக்கும் இடம், நேரம், வண்டியின் வகை முதலிய சில விவரங்களை மட்டும் சொல்லும். மற்ற வேளைகளில் அது உறங்குகிறது. வண்டியைத் தொடர்ந்து கவனிக்கும்படி அதை அமைக்கக் கூடாது என்று சட்டமே கூறுகிறது. உயிர் காக்கும் கருவிக்கு ஒருவருடைய ஆறு மாதப் பயணக் கணக்கு தேவைப்படவில்லை என்பதை இதனால் அறியலாம். தேவையானபோது, தேவையான அளவு, தேவையானவருக்கு மட்டும் என்னும் நெறியைப் பொறியியலிலேயே அமைத்துவிட முடியும். முடியாது என்று ஒரு கம்பெனி சொன்னால், மனம் இல்லை என்றே அதற்குப் பொருள் கொள்ளலாம்.

நம் நாட்டிலும் 2019 முதல் இத்தகைய கார்கள் விற்பனைக்கு வந்து பெருகி வருகின்றன. ஆகவே நம் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாமும் அறிந்திருத்தல் வேண்டும். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி; தீர்ப்பு வந்தபோது தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தவர். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. எந்தத் தகவலை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்க உரிமை உண்டு என்பன அதன் முக்கியக் கூறுகள். தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் கேட்கத் தெரிந்தவர்க்கே உரிமை பயன்படும். கதவு இருந்தும் சாத்தத் தெரியாதவன் வீட்டுக்குள் காற்றும் வரும், நாயும் வரும்.

ஆகவே உங்கள் வீட்டில் கார் இருந்தால், அல்லது பின்னாளில் நீங்கள் வாங்கினால், செய்யத்தக்க காரியங்கள் சிலவற்றைச் சொல்லுகிறேன். வாங்கும்போதே, இந்த வண்டி எந்தத் தகவலை வெளியே அனுப்புகிறது, அதை நிறுத்த முடியுமா, நிறுத்தினால் எந்த வசதி போகும் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். விடை தெரியாமல் அவர் விழித்தால், எழுத்தில் கேளுங்கள். வண்டியின் திரையிலும் அதற்குரிய செயலியிலும் தகவல் பகிர்வு என்னும் பகுதியைத் தேடிப் பார்த்து, வேண்டாதவற்றை அணைத்துவிடுங்கள். கைபேசியைக் காரோடு இணைக்கும்போது, தொலைபேசிப் புத்தகத்தையும் செய்திகளையும் தரவா என்று அது கேட்கும். பாட்டுக் கேட்பதற்கு அவை வேண்டியதில்லை. நன்றாக ஓட்டினால் சலுகை என்று எவரேனும் அழைத்தால், அந்தக் கணக்கு யாரிடம் போகும் என்று தெரிந்துகொண்ட பின் முடிவு செய்யுங்கள். வண்டியை விற்கும்போது, ஆர்.சி. புத்தகத்தை மாற்றிக் கொடுப்பதோடு நிற்காமல், அதன் நினைவிலுள்ளவற்றை அழித்து, செயலியில் உங்கள் பெயரிலுள்ள இணைப்பையும் நீக்குங்கள். பழைய வண்டியை வாங்குகிறவரும், முந்திய உரிமையாளரின் இணைப்பு நீங்கிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையேல், வண்டி உங்கள் வாசலில் நிற்கும். அதன் இருப்பிடம் வேறொருவர் கைபேசியில் தெரியும்.

இவை எல்லாம் தனி மனிதர் செய்யக்கூடியவை. இவற்றால் மட்டும் குறை தீர்ந்துவிடாது. நான் சொன்ன நிகழ்ச்சிகளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். தமக்கு வந்த ரசீதுக்குக் காரணம் கேட்ட ஒருவர், கிடைத்த விடையை உலகறியச் செய்த பத்திரிகையாளர், ஓட்டையைக் கண்டதும் அதைக் காசாக்காமல் உரியவருக்கு எடுத்துச் சொன்ன சங்கத்தார், தள்ளாத வயதிலும் நீதிமன்றப் படி ஏறிய முதியவர் ஆகிய இவர்களால்தான் பெரிய நிறுவனங்கள் தம் வழியை மாற்றிக்கொண்டன, சட்டமும் வளர்ந்தது. அவர்கள் கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. இணையம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்கள்.

மாணவ நண்பர்களே, இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் சிலர் இத்தகைய வண்டிகளை வடிவமைக்கும் பொறியாளர்களாக இருப்பீர்கள். எந்த அளவையை வெளியே அனுப்புவது, எதை வண்டிக்குள்ளேயே அழித்துவிடுவது என்று தீர்மானிக்கும் ஒரு வரி உங்கள் கையால் எழுதப்படும். சிலர் வழக்கறிஞர்களாகவும், சிலர் சட்டமன்றத்தில் அமர்கிறவர்களாகவும் இருப்பீர்கள். ஏனையோர் வாங்குகிறவர்களாக இருப்பீர்கள். மேசையின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், இந்தத் தகவல் இந்த வேலைக்கு உண்மையாகவே தேவையா என்று ஒரு முறை கேளுங்கள். தேவை என்றால் கொடுங்கள். இல்லை என்றால் மறுத்துவிடுங்கள். ஒரு தட்டியைச் சாத்திக்கொள்ளும் உரிமை குடிசைக்கும் உண்டு என்று நம் முன்னோர் எண்ணினார்கள். நாம் ஏறிச் செல்லும் வண்டிக்கும் அந்த உரிமையைப் பெற்றுத் தருவது உங்கள் தலைமுறையின் கடமை.